படத்தின் ஓரத்தில் நிற்பவர்கள்

கொங்கு நாட்டுப் பழைய வீடுகளில் குடும்பப் படங்களை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், வாசல் நிலைக்கு மேலே, விட்டத்தை ஒட்டி வரிசையாகச் சாய்த்து மாட்டியிருப்பார்கள். கீழ்ச்சட்டம் இரண்டு ஆணிகளின் மேல் உட்கார்ந்திருக்கும். மேல்சட்டம் கயிற்றில் தொங்கி முன்னால் கவிழ்ந்து நிற்கும். சின்ன வயதில் பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு, மேலே இருக்கிற பெரியவர்கள் எல்லோரும் என்னைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சாய்வுக்குக் காரணம் உண்டு. அப்போது ஆசாரத்தில் யாரும் சோபாவில் உட்கார்ந்ததில்லை. தரையில் பாய், இல்லாவிட்டால் கயிற்றுக் கட்டில். கீழே இருப்பவர் கண்ணுக்குப் படம் தெரிய வேண்டுமென்றால் அது குனிந்துதான் நிற்க வேண்டும். தொட்டிக்கட்டு வீட்டில் வெளிச்சம் நடுவில் திறந்த முற்றமான தொட்டியிலிருந்து வரும்; படம் சுவரோடு சுவராக நிமிர்ந்து நின்றால் கண்ணாடியில் வெயில்தான் தெரியும், ஆள் தெரியாது. அப்புறம், சாய்ந்த படத்துக்குப் பின்னால் காற்று ஓடும், சுண்ணாம்புச் சுவரின் ஈரம் அட்டையில் ஏறாது. ஒரே ஒரு தொந்தரவு ஆடி மாதத்தில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு எங்கள் ஊர்ப் படங்கள் எல்லாம் சுவரில் டொக்கு டொக்கென்று அடித்துக்கொள்ளும்.

அந்த வரிசையில் யார் இருப்பார்கள் என்பதும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். முதலில் பழனி முருகனும் குலதெய்வமும். அடுத்தது வீட்டாரின் கட்சியைப் பொறுத்து காந்தியோ, காமராசரோ, எம்.ஜி.ஆரோ. அதற்கப்புறம் தலைப்பாகை கட்டிய பெரியவர், கல்லூரி அங்கியோடு மகன், கல்யாணப் படம் ஒன்று, ஆழியாறு அணையிலோ பவானிசாகரிலோ எடுத்த கும்பல் படம் ஒன்று. காங்கேயம் பக்கமென்றால் ஒரு காளையின் படமும் இருக்கும். மனிதர்களுக்குச் சமமான சட்டம், சமமான உயரம். எங்கள் பக்கத்து வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது.

இந்த வரிசையில் இல்லாதவர்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வீட்டைப் படங்களால் அலங்கரிக்கப் போகிறவர்கள் எந்தச் சட்டம், எந்த நிறம், எந்தச் சுவர் என்று யோசிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு படத்தின் நான்கு ஓரங்களையும் ஒரு தடவை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அங்கே யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.

காங்கேயம் பக்கத்து ஊர் வீட்டில் ஓடு சரிய ஆரம்பித்ததும், அங்கே இருந்த படங்களை இறக்கி ஈரோட்டுக்குக் கொண்டுவந்தோம். புது வீட்டில் மாடிப்படிச் சுவர் முழுக்கக் குடும்பப் படங்களை மாட்டுவது என்று முடிவு. இன்டீரியர் வேலை செய்த தம்பி செல்போனில் சில மாதிரிகள் காட்டினார். எல்லாம் ஒரே அளவு, கறுப்புச் சட்டம், படத்தைச் சுற்றி வெள்ளை மவுண்ட் அட்டை, இடைவெளி அங்குலம் பிசகாமல். பார்க்க அழகாகத்தான் இருந்தது. "பழைய படம் எல்லாம் ஒண்ணொண்ணும் ஒரு சைஸா இருக்குதுங்கக்கா. முகத்தை மட்டும் குளோசப்பா கட் பண்ணி, எல்லாத்தையும் செபியா டோன் குடுத்துட்டா ஒரே செட்டாயிரும்" என்றார். அவர் தொழிலுக்கு அது சரியாக இருக்கலாம். எனக்கு ஒப்பவில்லை. கட் பண்ணினால் போவது எது என்று முதலில் பார்த்துவிடலாமே என்று தோன்றியது.

அதனால் படங்களைத் தூக்கிக்கொண்டு கடைவீதியில் ஒரு பிரேம் கடைக்குப் போனேன். சாமி படங்களுக்குச் சட்டம் போட்டே தலை நரைத்த பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். சட்டத்தைப் பிரிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விட்டார். குப்புறப் போட்டார். பின்னால் ஒட்டியிருந்த காக்கித் தாள் பாதி அரித்துப் போயிருந்தது. "மைதாப் பசைங்க அம்மிணி. பூச்சிக்கு விருந்து" என்றார். தாளைக் கிழித்ததும் வெள்ளி நிறத்தில் ஒரு பூச்சி வழுக்கிக்கொண்டு ஓடியது. கொறடால் துருப்பிடித்த சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுத்தார். பிளைவுட் பலகை, அதற்குக் கீழே மடித்து வைத்த பழைய நாள்காட்டித் தாள், அதற்கும் கீழே தடித்த அட்டையில் ஒட்டிய படம். பலகையின் அமிலம் ஏறி அட்டை தேயிலைச் சாயத்தில் பழுத்திருந்தது. படத்தின் ஒரு மூலை கண்ணாடியோடு பிடித்துக்கொண்டிருந்தது. நான் கை வைக்கப் போனேன்.

"இழுக்காதீங்க. இழுத்தா மூஞ்சி கண்ணாடியோட போயிரும்."

போட்டோத் தாளின் மேல்பூச்சு ஜெலட்டின். கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது அந்த ஜெலட்டினுக்குள் இருக்கும் வெள்ளித் துகள்கள்தான். ஈரம் பட்டால் ஜெலட்டின் இளகும், கண்ணாடியோடு ஒட்டும், காய்ந்ததும் விடாது. இப்படி ஒட்டிய படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து வேறு பிரதி போட்டுக்கொள்வதுதான் நல்லது. மூலப்படத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். மவுண்ட் அட்டை அழகுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி விடுவதுதான் அதன் முதல் வேலை என்று பெரியவர் காட்டினார். அமிலம் இல்லாத மவுண்ட் கொஞ்சம் விலை கூட. படம் பழசு என்றால் அந்தக் காசைப் பார்க்காதீர்கள்.

இனி காளைப் படம். என் வீட்டுக்காரரின் அப்பாரு, அதாவது தாத்தா, வளர்த்த பூச்சிக்காளை அது; இனவிருத்திக்கு வைத்திருக்கும் காளை. ஊர்க் களத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆசாரத்தில் அண்ணாந்து பார்த்தது. நடுவில் காளை, இடது பக்கம் தோளில் துண்டோடு அப்பாரு, வலது ஓரத்தில் கயிற்றைப் பிடித்த ஒரு கை. கை மட்டும்தான், மணிக்கட்டு வரைக்கும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும், காளைக்குத் திமிலும் முன்னங்காலும் கறுத்து வரும் என்பதையெல்லாம் அந்தப் படத்தைக் காட்டித்தான் என் மாமனார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கண்ணபுரம் மாரியம்மன் நோம்பியில் கூடும் மாட்டுச் சந்தைக்கு அந்தக் காளையைக் கொண்டுபோன கதை எனக்கு மனப்பாடம். அந்தக் கை யாருடையது என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை, மற்றவர்களும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிரேம் கடைக்காரர் பழைய மவுண்ட்டை எடுத்ததும் அந்தக் கைக்கு ஆள் வந்துவிட்டார். முழு ஆள். இடுப்பில் கோவணம், தலையில் சின்ன முண்டாசு, ஒல்லியான கால்கள், காமிராவை நேராகப் பார்க்கிற கண்கள். எந்தக் காலத்திலோ இந்தப் படத்துக்குச் சட்டம் போட்டவர், அளவு பிசகாமல் அவர்மேல் மவுண்ட்டை ஏற்றி மூடியிருக்கிறார். போட்டோ எடுத்தவருக்கு அவர் வேண்டியிருந்திருக்கிறது, ஏனென்றால் அவர் பிடிக்காமல் காளை நிற்காது. சட்டம் போடச் சொன்னவருக்கு வேண்டியிருக்கவில்லை. மூடியிருந்த பகுதி மட்டும் வெளிச்சமும் தூசியும் படாமல் மற்ற இடத்தைவிடத் தெளிவாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம், என் மாமியாரிடம், காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவனா! நான் வாக்கப்பட்டு வந்தப்ப வயசாயிருச்சு. அந்தக் காளையை இவன்தான் வளத்துனது கண்ணு. உங்க அப்பாரு கிட்டப் போனாலே முட்ட வரும்னு சொல்லுவாங்க."

பேரைச் சொன்னார். படத்தின் பின்பக்கம் பென்சிலில் எழுதிவைத்தேன். பேனா வேண்டாம், மை தாளின் மறுபக்கம் ஊறும். தகர டப்பாவில் சோறு வாங்கிப்போய்க் களத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவாராம். ஆசாரத்துப் படி ஏறியதே கிடையாது. ஏறவும் விட்டிருக்க மாட்டார்கள். காளையின் படம் தொங்கிய வீட்டுக்குள் காளையை வளர்த்தவர் வந்ததில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது. அத்தை 'அவன்' என்று சொன்னதையும் அப்படியே எழுதியிருக்கிறேன். அது ஒருவருடைய வாய்ப்பழக்கம் மட்டும் இல்லை, எங்கள் ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது.

அவருடைய பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறார் என்று ஊரில் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். போனில் விஷயத்தைச் சொன்னதும், "எங்க தாத்தாவுக்குப் போட்டோவே கிடையாதுங்களே" என்றார் நம்பாமல். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடும் மகளோடும் வந்தார். அத்தை அவரை ஆசாரத்தில், அதாவது புது வீட்டு ஹாலில், சோபாவில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, "உங்க தாத்தா இல்லீன்னா அந்தக் காளை இல்லீங்க தம்பி" என்றார். 'அவன்' 'உங்க தாத்தா' ஆகியிருந்ததை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன்.

அவருக்காக முழுப் படத்தையும் பெரிதாகப் பிரதி போட்டு வைத்திருந்தேன். அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அப்புறம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. காளையும் பெரியவரும் இல்லாம, எங்க தாத்தாவை மட்டும் தனியா எடுத்துக் குடுக்க முடியுமுங்களா?"

ஓரங்களை வெட்டக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு அந்தக் கேள்வி சட்டென்று விளங்கியது. அவர் வீட்டுச் சுவரில் எதற்கு எங்கள் அப்பாரு? 1200 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்தோம். மூலப்படத்தில் அவர் நிற்கிற இடம் ஓர் அங்குல அகலம்தான் இருக்கும். ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளி கிடைத்தால், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் நாலு அங்குல அகலத்துக்குப் பிரதி போடலாம். அதற்கு மேல் இழுத்தால் முகம் கரைந்துவிடும். போஸ்ட்கார்டைவிடச் சற்றுப் பெரிய படமாக வந்தது. நிமிர்ந்து நிற்கிறார், கை நீட்டியிருக்கிறது, கயிறு சட்டத்தின் இடது விளிம்பு வரைக்கும் போய் நின்றுவிடுகிறது. அந்தப் படம் இப்போது திருப்பூரில் ஒரு வாடகை வீட்டில் தொலைக்காட்சிக்கு மேலே இருக்கிறது. எங்கள் மாடிப்படியில் மூன்று பேரும் உள்ள முழுப் படம்.

இதனால் பழைய கணக்கு எதுவும் நேராகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. படியேறி வருகிற குழந்தைகள் "இவர் யாரு?" என்று கேட்கிறார்கள். பதிலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது நடக்கிறது.

இன்னொரு ஓரம் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது.

அந்த அப்பாரு இளம் வயதிலேயே இறந்துவிட்டார். அவர் மனைவியை, என் வீட்டுக்காரரின் ஆத்தாவை, நான் பார்த்ததில்லை. கைம்பெண்ணான நாளிலிருந்து வெள்ளைச் சேலைதான். எங்கள் பக்கத்தில் அப்போது அது அவ்வளவு கட்டாயம். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய தலைமுறை வேறு. கணவர் இருந்தபோதும் ஸ்டுடியோவுக்கு யாரும் அழைத்துப் போகவில்லை, இல்லாதபோது கேட்கவே வேண்டாம். 1993-ல் தேர்தல் ஆணையம் வாக்காளர்களுக்குப் புகைப்பட அடையாள அட்டை கொண்டுவந்தது. கொங்கு நாட்டுக் கிராமங்களில் எத்தனையோ வயதான பெண்கள் தனியாகக் காமிரா முன்னால் உட்கார்ந்தது அப்போதுதான். எங்கள் ஆத்தாவும் அப்படித்தான். தெளிவில்லாத, தபால்தலை அளவுப் படம். அவர் இறந்ததும் மாலை போடப் படம் தேடியபோது அது ஒன்றுதான் கிடைத்தது. உயிரோடு இருப்பவர் படத்தைத் தனியாகப் பெரிதாக்கி மாட்டுவதற்கே நம் வீடுகளில் ஒரு தயக்கம் இருப்பதால், பலருக்கும் முதல் பெரிய படம் கருமாதிக்குத்தான் தயாராகிறது.

அந்த அட்டைப் படத்தைப் புது வீட்டுக்காக நல்லபடியாகப் பெரிதாக்க ஒரு டிஜிட்டல் கடையில் கொடுத்தேன். ஏஐ-யில் போட்டுத் தருகிறோம் என்றார்கள். சாயங்காலமே வந்துவிட்டது. கண் இமை எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு. சுருக்கமில்லாத கன்னம், இளஞ்சிவப்புச் சேலை, நெற்றியில் வட்டமாக ஒரு பொட்டு. அத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு கண்ணு?" என்றார். மாமியாரோடு ஒரே வீட்டில் பல வருஷம் அடுப்பைப் பங்கிட்டுக்கொண்டவர் அவர். அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

மங்கலான படத்திலிருந்து கம்ப்யூட்டர் தெளிவைக் கண்டுபிடிப்பதில்லை. ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகி, இங்கே இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒன்றை வரைந்துவிடுகிறது. கீறல் எடுக்க, கறை நீக்க, கிழிந்த மூலையைச் சேர்க்க அதைப் பயன்படுத்துங்கள். முகத்தைத் தொட விடாதீர்கள். அந்த நாள் ஸ்டுடியோக்காரர்களும் நெகடிவில் பென்சிலால் டச்சிங் செய்தார்கள்தான், ஆனால் அவர்கள் ஆளைப் பார்த்துவிட்டுச் செய்தார்கள். நிறம் கொடுக்க வேண்டுமென்றால் அந்தச் சேலையைப் பார்த்தவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சரி, ஆத்தாவுக்கு என்ன செய்வது? அட்டாலியில் கிடந்த கல்யாண ஆல்பங்களை அத்தையும் நானும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினோம். நடுவில் இருப்பவர்களை விட்டுவிட்டு, ஓரம் மட்டும். 80-களில் நடந்த சின்ன அத்தையின் கல்யாண ஆல்பத்தில் கிடைத்தது. தாலி கட்டுகிற நேரம். மணமக்கள், சடங்கு நடத்தும் அருமைக்காரர், அட்சதையோடு நீண்ட கைகள். பின்னால் மண்டபத் தூண். தூணுக்கு அந்தப் பக்கம் பாதி முகமும் ஒரு தோளும். தோளில் வெள்ளைச் சேலை.

"அத்தை!" என்றார் என் அத்தை. "தூணுக்குப் பின்னாடிதான் நின்னாங்க. முன்னாடி வரமாட்டேன்னுட்டாங்க. வந்திருந்தாலும் யாராச்சும் ஏதாச்சும் சொல்லியிருப்பாங்க."

மணப்பெண்ணின் அம்மா அவர். பெற்ற மகளின் கழுத்தில் தாலி ஏறுவதை ஒரு கண்ணால், தூணைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு வாக்காளர் அட்டையில் இல்லை.

அந்தக் காலத்துக் கலர்ப் பிரதிகள் எல்லாவற்றுக்கும் வருகிற வியாதி இதற்கும் வந்திருந்தது. கலர்ப் படத்தில் மூன்று சாயங்கள் உண்டு. 70, 80-களின் தாள்களில் அவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடும். மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். ஆல்பத்துக்குள் இருட்டில் இருந்தாலும் இது நடக்கும். அதனால்தான் நம் வீட்டுக் கல்யாண ஆல்பங்கள் எல்லாம் செம்மண் புழுதி படிந்தது போல இருக்கின்றன. அதே வீட்டில் அதற்கு முந்தைய தலைமுறையின் கறுப்பு வெள்ளைப் படம் பளிச்சென்று நிற்கும். ஸ்கேன் செய்து நிறத்தைத் திருத்தியபோது மணப்பெண்ணின் பட்டு அரக்கு நிறத்துக்கு வந்தது, வாழைமரம் பச்சையானது, தூணுக்குப் பின்னால் சேலை வெள்ளையானது.

மாடிப்படியில் அந்தக் கல்யாணப் படத்தை முழுசாக, 12க்கு 18 அங்குல அளவில் மாட்டியிருக்கிறோம். ஆத்தாவைத் தனியாக வெட்டிப் பெரிதாக்கலாமா என்று யோசித்தோம். வேண்டாம் என்றார் அத்தை. தூணோடு இருந்தால்தான் அவர் எங்கே நிறுத்தப்பட்டார் என்பது தெரியும். திருப்பூர்த் தம்பிக்குத் தனிப்படம் சரி, இங்கே முழுப்படம் சரி. இதற்கெல்லாம் பொதுவாக ஒரு சட்டம் வைத்துக்கொள்ள முடியாது. யாருக்காக, எந்த வீட்டில் என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் படிக்கட்டுச் சுவர் இப்போது ஒரே செட்டாக இல்லை. பழைய தேக்குச் சட்டம் இரண்டு, புதுச் சட்டங்கள் சில, அளவு ஒன்றுக்கொன்று ஒட்டாது. எல்லாவற்றையும் கீழே இறக்கியிருக்கிறோம். படத்தின் நடுப்பகுதி நிற்கிற தரையிலிருந்து ஐந்தடிக்குள். படிக்கட்டில் படி ஏற ஏறப் படமும் ஏறும். கீழ்ப்படி பக்கம் இன்னும் தாழ்வாக இரண்டு, குழந்தைகளின் கண் உயரத்துக்கு. நிமிர்ந்து நிற்கிற மனிதரின் கண்ணுக்கு நேரே முகம் இருந்தால்தான் பேச்சு வருகிறது. மேலே விட்டத்தோரம் இருந்தவரை அவர்களைக் கும்பிட்டோம், ஒட்டடை அடித்தோம். இறங்கி வந்த பிறகு ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்தால் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். "இது நம்ம வெள்ளகோயில் மாமனில்ல?" என்று ஆரம்பித்துச் சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் பேச்சு. அவர்கள் சொல்வதை அன்றைக்கே எழுதிவைக்கிறேன்.

சுவர் தேர்ந்தெடுக்கும்போது மேற்கு வெயில் விழும் சுவரையும், சமையலறைப் புகை வரும் சுவரையும், மறுபக்கம் குளியலறை இருக்கும் சுவரையும் விட்டுவிடுங்கள். மழை மறைவுப் பகுதி என்பதால் கடற்கரை ஊர்களைப் போல நமக்கு எப்போதும் ஈரக்காற்று இல்லை. அந்த வகையில் நம் படங்களுக்கு யோகம்தான். நமக்கு எதிரி வெயிலும் தூசியும். புதுச் சுவரென்றால் ட்ரில் போட்டு பிளக் அடித்து ஸ்க்ரூ முடுக்குங்கள். சட்டத்தின் கீழ் மூலைகளில் பின்பக்கம் சின்னதாக ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். பழைய சாய்வு செய்த வேலையை அது செய்துவிடும். மூலப்படத்தை மாட்டவே மாட்டாதீர்கள், பிரதியை மாட்டுங்கள். இறந்தவர்கள் படத்தைத் தெற்குச் சுவரில்தான் மாட்ட வேண்டும், பூஜை அறையில் கூடாது என்றெல்லாம் அவரவர் வீட்டில் வழக்கம் இருக்கும். எங்கள் படிக்கட்டில் இருப்பவர்களும் இறந்தவர்களும் கலந்தேதான் இருக்கிறார்கள், மாலை யாருக்கும் இல்லை.

செல்போன் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் எல்லோரிடமும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன, சுவருக்கு ஒன்றும் வருவதில்லை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் சுமார் 1600 புள்ளிக்குச் சுருங்கிவிடும். ஐந்து அங்குலத்துக்கு மேல் நன்றாக வராது. எடுத்தவரிடம் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். அப்புறம், எல்லோரும் வரிசையாக நின்று சிரிக்கிற படத்தை மட்டும் எடுக்காமல், கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிறவர்களை, பொங்கலன்று பட்டியில் சாணி வழிக்கிறவரை, தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வாய்க்காலில் கை கழுவுகிறவரை எடுங்கள். படத்தை எடுத்தவரையும் யாராவது ஒருவர் எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் என் நாத்தனார்தான் எப்போதும் போன் பிடிப்பது. எந்தப் படத்திலும் அவர் இல்லை என்பது சுவரை நிரப்பியபோதுதான் தெரிந்தது. அதற்காகவே போன தீபாவளிக்குப் போனை அவரிடமிருந்து பிடுங்கி வைத்துவிட்டோம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அத்தை தன் படத்தைப் பற்றித் தானே பேச்சை எடுத்தார். அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த பெரிய படம் ஒன்று இருக்கிறது. மாமாவோடு நாற்காலியில், நகையெல்லாம் போட்டு. அதைத்தான் மாட்டுவோம் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது வேண்டாமாம். ஊர் வீட்டுத் திண்ணையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பேத்தி எடுத்த படம் ஒன்று உண்டு. கலைந்த தலை, மடியில் முறம், பக்கத்தில் இரண்டு ஆட்டுக்குட்டிகள். ஒன்று சேலை முந்தியை மெல்லுகிறது. அதுதான் வேண்டுமாம், இப்போதே வேண்டுமாம், செத்த பிறகு அல்ல.

"அதுலதான் நான் நானா இருக்கறேன். வெங்காயம் உரிச்சுத்தான கண்ணு உங்களையெல்லாம் வளத்துனேன்."

பேத்தியின் பழைய போனிலிருந்து மூலப்படத்தை எடுத்தாகிவிட்டது. 4000க்கு 3000 புள்ளி, பத்துக்குப் பதின்மூன்று தாராளமாக வரும். படத்தின் இடது ஓரத்தில் வாசல் கூட்டிக்கொண்டிருப்பவரின் விளக்குமாறும் பாதிக் காலும் தெரிகின்றன. யாரென்று அத்தைக்குத் தெரியும், பேர் எழுதியாகிவிட்டது. வியாழக்கிழமை பிரேம் கடைக்குப் போகிறோம். மவுண்ட் நிறத்தைத் தானே வந்து பார்த்துச் சொல்வதாக அத்தையும் கிளம்புகிறார்.